பாலாலயத்தில் ஏற்றிய விளக்கு

காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் அமைந்த சிற்றூர் அது. ஊரின் நடுவே பழைமையான சிவாலயம். அதன் சந்நிதித் தெருவில் 76 வயது மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வந்தார். மணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 19. வந்த அன்று மாலையே மாமியார் ஒரு காமாட்சி விளக்கை அவர் கையில் கொடுத்து, “இனி இது உன் பொறுப்பு” என்றார். அன்று முதல் 57 ஆண்டுகளாக அந்தி மயங்கும் நேரத்தில் அந்த வீட்டில் விளக்கு எரியாத நாள் இல்லை. அவரால் ஏற்ற இயலாத நாள்களில் மாமியார் ஏற்றினார். மாமியாரின் காலத்துக்குப் பிறகு கணவர் ஏற்றினார். கணவரும் சிவபதம் அடைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் இரவு, கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் அவர் வழுக்கி விழுந்தார். குரல் கொடுத்தும் யார் காதிலும் விழவில்லை. மறுநாள் விடியலில் பால் கொண்டுவந்தவர்தாம் பார்த்துத் தூக்கினார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. செய்தி கேட்டுச் சென்னையிலிருந்து ஓடி வந்த மகன், “அம்மா, இனி உங்களைத் தனியே விட எனக்கு மனம் இல்லை. எங்களோடு வந்துவிடுங்கள்” என்றார். மருமகளும் அவ்வாறே அழைத்தார்.

மூதாட்டி மறுத்தார். சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். நான்காவது மாடியில் மூச்சு முட்டும் என்றார். வாசலில் கோலமிட இடம் உண்டா, துளசி மாடம் எங்கே வைப்பது என்று கேட்டார். மகன் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். விடை கிடைக்கக் கிடைக்கப் புதிய காரணங்கள் பிறந்தன. உண்மைக் காரணத்தை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. இந்த வீட்டைப் பூட்டிவிட்டால் மாமியார் ஒப்படைத்த விளக்கு அணைந்துபோகும். அணைத்தவள் என்ற பழி தம்மைச் சேரும். இதுவே அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

முதுமையில் மாற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலருடைய நிலையும் இதுதான். வெளியே சொல்லும் காரணம் வேறு. உள்ளே வருத்தும் காரணம் வேறு. புதிய இடம் என்பதற்காக மட்டும் அவர்கள் அஞ்சுவதில்லை. இத்தனை ஆண்டுகள் தாங்கள் காத்து வந்த ஏதோ ஒன்று தங்கள் கையாலேயே முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். பிள்ளைகள் இதனைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது பிடிவாதம் அன்று. பொறுப்புணர்ச்சி அச்சத்தின் உருவில் வந்து நிற்கிறது. ஆதலால் அந்த அச்சத்தைக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை. அதற்கு உரிய விடையைக் காட்டவேண்டும்.

அந்த விடை மூதாட்டிக்குக் கோயிலில் கிடைத்தது.

அவ்வாண்டு ஆவணியில் அவ்வூர்ச் சிவாலயத்தில் திருப்பணி தொடங்கியிருந்தது. பாலாலயம் செய்து மூலவர் சந்நிதியை அடைத்துவிட்டார்கள். கருவறையைச் சுற்றிச் சாரம் கட்டி, பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். அன்று முதல் மூதாட்டி கோயிலுக்குள் செல்வதை நிறுத்திவிட்டார். நாள்தோறும் கோபுர வாசல் வரை வருவார், உள்ளே எட்டிப் பார்ப்பார், கைகூப்பிவிட்டுத் திரும்பிவிடுவார். இதனைச் சில மாதங்களாகவே கவனித்து வந்த முதிய குருக்கள் ஒருநாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“என்னம்மா, வாசலோடு போய்விடுகிறீர்களே? உள்ளே வரக்கூடாதா?”

“உள்ளே வந்து என்ன செய்வது, சாமி? கதவு சாத்தியிருக்கிறது. சுவாமியே இல்லாத கோயிலாக இருக்கிறது.”

“சுவாமி இல்லையா? நான் ஆறு காலமும் யாருக்குப் பூசை செய்கிறேன் என்று நினைத்தீர்கள்? வாருங்கள்.”

பிராகாரத்தின் ஒரு மூலையில் கீற்றுக் கொட்டகை வேய்ந்து, அதனுள் சிறிய மேடை அமைத்திருந்தார்கள். மேடைமேல் ஓர் அத்திப் பலகை. அதில் இறைவனின் திருவுருவம் வண்ணத்தில் தீட்டப்பெற்றிருந்தது. வில்வமாலை சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கல்லால் கட்டிய அத்தனை பெரிய கோயிலின் தலைவர், காற்றுக்கு அசையும் கீற்றுக் கொட்டகையில் எழுந்தருளியிருந்தார். குருக்கள் விளக்கிச் சொன்னார்.

ஆலயத்தில் பெரிய திருப்பணி தொடங்கும் முன் கலாகர்ஷணம் என்னும் கிரியை நடைபெறும். மூலமூர்த்தியில் விளங்கும் தெய்வசக்தியை மந்திரபூர்வமாகக் கும்பநீரில் எழுந்தருளச் செய்து, அங்கிருந்து பலகையிலோ சிறிய பிம்பத்திலோ நிலைபெறச் செய்வார்கள். அவ்வாறு இறைவன் தற்காலிகமாக எழுந்தருளும் சிற்றாலயமே பாலாலயம். குடமுழுக்கு நடைபெறும் நாள் வரையில் நித்திய பூசைகள் அனைத்தும் அங்கேதான். பூசை ஒருநாளும் நிற்பதில்லை. பூசை நடக்கும் இடம் மட்டுமே மாறுகிறது.

“அது சரி சாமி. கல்லில் நிலையாக இருப்பவரை எதற்காக எழுப்பவேண்டும்? இருந்த இடத்திலேயே விட்டால் என்ன?” என்று மூதாட்டி கேட்டார்.

குருக்கள் அஷ்டபந்தனத்தைப் பற்றிச் சொன்னார். மூலமூர்த்தியைப் பீடத்தோடு பிணைத்து நிறுத்துவது எட்டுப் பொருள்களால் ஆன மருந்து. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து, கை ஓயும் வரை இடித்து இளக்கிச் சாத்துவார்கள். சாத்தும்போது மெழுகைப் போல் இருக்கும் அது, பின்னர்க் கல்லைப் போல் இறுகிவிடும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் விரிசல் காணும். விரிசலின் வழியே அபிஷேக நீர் உள்ளே இறங்கும். பீடத்தின் பிடி தளரும். அதனால்தான் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய மருந்து சாத்திக் குடமுழுக்குச் செய்வது மரபாயிற்று.

“அசையாத மூர்த்திக்கே அவரைப் பிடித்து நிறுத்தும் மருந்தை மாற்றவேண்டியிருக்கிறது அம்மா. பழைய மருந்தையே போற்றி வைத்திருந்தால் மூர்த்திக்குத்தான் ஊறு” என்றார் குருக்கள்.

மூதாட்டி நெடுநேரம் அந்தச் சிறு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குருக்கள் கூறியது ஓர் ஊர்க் கோயிலின் செய்தி மட்டும் அன்று. தமிழகத்தின் பெருங்கோயில்கள் சிலவற்றின் வரலாற்றில், இதனினும் கடுமையான மாற்றங்களை இறைவன் தானே ஏற்றுக்கொண்டதைக் காண்கிறோம்.

திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெரிய பெருமாள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. அவருடைய உற்சவத் திருமேனியாகிய அழகிய மணவாளரோ வீதிதோறும் உலா வருபவர். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை தெற்கே வந்தபோது, மூலவரை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரைச் சிலர் இரவோடு இரவாக வெளியே எழுந்தருளச் செய்தனர் என்பது கோயில் வரலாறு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பிள்ளை லோகாசாரியர். அப்போது அவர் நூறு வயதைக் கடந்தவர் என்று மரபு கூறும். வாழ்நாள் முழுதும் அரங்கனின் நிழலிலேயே இருந்தவர் அவர். “இந்த வயதில் நான் எங்கே போவேன்?” என்று கேட்கும் உரிமை அவரைக் காட்டிலும் யாருக்கு உண்டு? அவர் அதனைக் கேட்கவில்லை. பெருமாள் புறப்பட்டால் தாமும் புறப்படுவதே கைங்கரியம் என்று காடும் மேடும் கடந்து நடந்தார். மதுரைக்கு அருகே ஆனைமலைப் பக்கத்தில் உள்ள சோதிஷ்குடி என்னும் சிற்றூரை அடைந்தபோது உடல் தளர்ந்தது. அங்கேயே திருநாடு அலங்கரித்தார். அவர் மீண்டும் திருவரங்கத்தைக் காணவில்லை. ஆனால் அவர் காத்துக் கொடுத்த திருமேனி தன் பயணத்தைத் தொடர்ந்தது.

அந்தப் பயணம் மலைநாட்டையும் மேல்கோட்டையையும் திருமலையையும் தொட்டு நீண்டது. திருமலைக் கோயிலுக்குள் இன்றும் ரங்கநாயகர் மண்டபம் என்று ஒரு மண்டபம் உண்டு. அரங்கத்து இறைவன் விருந்தினராக வீற்றிருந்த இடம் அது. திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் பலர் அதன் வரலாற்றை அறியாமலே அதனைக் கடந்து செல்கின்றனர். விசயநகரத் தளபதி கோபணாரியர் முயற்சியால் அழகிய மணவாளர் திருவரங்கம் திரும்பிய ஆண்டு 1371. இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள்.

திரும்பி வந்தபோது ஒரு புதிய இடர் எழுந்தது. இடைக்காலத்தில் வேறோர் உற்சவத் திருமேனி அங்கே எழுந்தருளியிருந்தது. பழைய திருமேனியைக் கண்ணால் கண்டு அடையாளம் சொல்லக்கூடியவர் எவரும் எஞ்சவில்லை. அப்போது முதிய சலவைத் தொழிலாளி ஒருவர் முன்வந்தார். ஈரங்கொல்லி என்று வைணவ வழக்கில் குறிக்கப்பெறும் அவர், பெருமாளின் ஈர ஆடைகளை வெளுக்கும் பணியில் இருந்தவர், பார்வையை இழந்திருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, சாத்திய ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தருமாறு வேண்டினார். அதனைச் சுவைத்துப் பார்த்து, வந்த மூர்த்தியைக் காட்டி, “இவரே நம்பெருமாள்” என்றார். அன்று அவர் சூட்டிய பெயரே இன்றுவரை வழங்குகிறது. இடைக்காலத்தில் ஆராதிக்கப்பெற்ற திருமேனியையும் விலக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்னும் பெயருடன் அவரும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார்.

கண் இழந்த முதியவரால் எப்படி அறிய முடிந்தது? அரங்கனை அவர் மண்டபத்தாலோ வீதியாலோ அறிந்தவர் அல்லர். அன்றாடம் தம் கையால் செய்த தொண்டினால் அறிந்தவர். தொண்டினால் பெற்ற உறவு 48 ஆண்டுகள் கழிந்தும் மாறாதிருந்தது.

“நம்பெருமாள் திரும்பி வந்தார். திரும்பவே இயலாத மாற்றங்களுக்கு என்ன சொல்வது?” என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை தஞ்சை மேல வீதியில் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருப்பவள் பங்காரு காமாட்சி. காஞ்சியில் பொன்மேனியளாக விளங்கியவள், போர்க் காலத்துக் கலக்கத்தில் அங்கிருந்து எழுந்தருளினாள். ஊர் ஊராகத் தங்கி, திருவாரூரிலும் சில காலம் இருந்து, முடிவில் தஞ்சையை அடைந்தாள். அவள் காஞ்சிக்குத் திரும்பவில்லை. தலைமுறை தலைமுறையாக அவளுக்குப் பூசை செய்த குடும்பமும் ஊரைத் துறந்து அவளோடு வந்தது. அந்தக் குடும்பம் திருவாரூரில் தங்கியிருந்த காலத்தில், 1762இல் அங்கே ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னாளில் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகள். அன்னையின் சந்நிதியில் நின்று அவர் பாடிய பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. காஞ்சியில் மூலமூர்த்தியாகிய காமாட்சி குறைவின்றி அருள்புரிகிறாள். தஞ்சையில் பங்காரு காமாட்சியும் அருள்புரிகிறாள். ஊரை விட்டபோது அந்தக் குடும்பத்தார் எத்தனை கண்ணீர் சிந்தினரோ! அந்தக் கண்ணீர் விழுந்த வழியில்தான் சோழநாட்டுக்கு ஓர் இசைச்செல்வம் வந்து சேர்ந்தது.

இல்வாழ்விலும் இத்தகைய பாலாலயக் காலங்கள் வருகின்றன. வீடு மாறுவது ஒன்று. வாழ்க்கைத் துணையை இழப்பது ஒன்று. நாள்தோறும் பிராகாரத்தை வலம் வந்த கால்கள் ஒரு சுற்றுக்கே மறுப்பது ஒன்று. ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்றை நேரில் சென்று கையெழுத்திட்டுக் கொடுத்துப் பழகியவரிடம், கைப்பேசியில் முகம் காட்டினால் போதும் என்று பேரன் சொல்வதும் ஒன்று. சிறியதோ பெரியதோ, இவற்றின் முன் நெஞ்சம் திடுக்கிடுவது இயற்கை. அப்போது ஆலயம் கைக்கொள்ளும் முறையை இல்லத்திலும் கைக்கொள்ளலாம்.

ஆலயத்தில் முதலில் கும்பத்தை எடுத்து வைத்த பிறகே மற்ற வேலைகள் தொடங்கும். அதுபோல, எதனை விடுவது என்று கலங்குவதற்கு முன், எதனை உடன் எடுத்துச் செல்வது என்று தீர்மானிக்கவேண்டும். அது ஒன்றாக இருந்தால் போதும். ஒரு விளக்கு, ஒரு பதிகம், ஒரு நாமம், நெற்றியில் இடும் திருநீறு அல்லது திருமண். அது தவறாமல் நடந்தால், மற்றவை மாறினும் மனம் தடுமாறுவதில்லை. முன்போல் கோயிலை வலம் வர இயலாதவர், கொடிமரத்தின் அருகே அமர்ந்து மனத்தால் வலம் வரலாம். கும்பத்தில் எழுந்தருள இசைந்த இறைவன் அதனையும் ஏற்றுக்கொள்வான்.

இரண்டாவது, சிறுமைக்கு நாணாதிருத்தல். பாலாலயம் சிறியது. அங்கே விமானம் இல்லை, கோபுரம் இல்லை. எனினும் அங்கே செய்யும் பூசைக்குப் பலன் குறைவு என்று எந்த ஆகமமும் கூறவில்லை. பெரிய பூசையறையில் வழிபட்டவர்கள், மாடிக் குடியிருப்பில் அலமாரியின் ஒரு தட்டுதான் கிடைத்தது என்று மனம் குன்றவேண்டியதில்லை.

மூன்றாவது, சுரண்டவேண்டியதைச் சுரண்டிவிடுதல். விரிசல் கண்ட பழைய மருந்தை யாரும் கோயிலில் சேர்த்து வைப்பதில்லை. “எங்கள் காலத்தில் இப்படியா?” என்னும் வருத்தமும், “என்னை யார் கேட்கிறார்கள்?” என்னும் மனக்குறையும் அத்தகையவை. ஒரு காலத்தில் அவை நம்மை நிலைநிறுத்தியிருக்கலாம். இன்று அவற்றின் வழியே நீர்தான் கசியும்.

பிள்ளைகளுக்கும் இதில் கடமை உண்டு. இறைவனை இடம் மாற்றுவதற்கு நல்ல நாள் பார்த்து, கும்பம் வைத்து, அனுமதி வேண்டி, மேளதாளத்துடன் எழுந்தருளச் செய்கிறார்கள். பெற்றோரை இடம் மாற்றும்போது அதில் ஒரு பங்காவது பொறுமை வேண்டாமா? வண்டியில் சாமான்களோடு சாமானாக ஏற்றி வருதல் முறையாகாது. “உங்கள் விளக்கை எங்கே வைக்கவேண்டும் என்று வந்து பார்த்துச் சொல்லுங்கள்” என்று முன்னதாகவே கேட்டுவிட்டால், பாதி அச்சம் அங்கேயே அகன்றுவிடும்.

மூதாட்டி தை மாதத்தில் ஒரு நல்ல நாளில் சென்னைக்குப் புறப்பட்டார். காமாட்சி விளக்கைப் பழைய பட்டுத்துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டார். புறப்படும் முன் கோபுர வாசலோடு நில்லாமல் பாலாலயத்துக்குள் சென்று வணங்கினார்.

சென்னையில் முதல் மாதம் எளிதாக இல்லை. இரவில் மின்தூக்கியின் ஓசை கேட்டு விழித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தார் முகம் தெரியாது. கொல்லைப்புறத்துப் பவழமல்லியின் நினைவு வந்தால் கண் கலங்கும். ஊருக்கே போய்விடுவோமா என்று பலமுறை எண்ணினார். ஆயினும் மாலை ஆறு மணி ஆனதும் சமையலறை அலமாரித் தட்டில் விளக்கேற்றுவதை மட்டும் அவர் விடவில்லை. அந்த ஒரு நாழிகை மட்டும் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவில் இருக்காது.

கல்லூரியில் பயிலும் பேத்தி தொடக்கத்தில் அதனைத் தொலைவிலிருந்து பார்ப்பாள். பிறகு, “திரியை ஏன் பாட்டி இரண்டாகச் சேர்த்துத் திரிக்கிறீர்கள்?” என்று கேட்டாள். பங்குனியில் மூதாட்டிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. பகல் முழுதும் கண் திறவாமல் கிடந்தவர், இருட்டியதும் பதறி எழ முயன்றார். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. “நான் ஏற்றிவிட்டேன் பாட்டி. திரியை இரண்டாகத்தான் திரித்தேன்” என்றாள் பேத்தி.

அப்போதுதான் மூதாட்டிக்கு ஓர் உண்மை விளங்கியது. ஊரை விட்டால் விளக்கு அணைந்துவிடும் என்று அஞ்சியிருந்தார். ஊரிலேயே இருந்திருந்தால், கிணற்றடியில் விழுந்ததைப் போன்ற இன்னோர் இரவில் அது அவரோடு அணைந்திருக்கும். அடுத்த கையைத் தேடி அந்த விளக்குத்தான் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்திருக்கிறது.

அடுத்த ஆவணியில் ஊர்ச் சிவாலயத்துக்குக் குடமுழுக்கு. குடும்பத்தோடு சென்று தரிசித்தார். பாலாலயத்தில் இருந்த இறைவன் மீண்டும் கும்பத்தில் எழுந்தருளி, யாகசாலை வழியே மூலமூர்த்தியில் சேர்ந்தருளினான். புதிய அஷ்டபந்தனத்தின் மணம் கருவறையில் நிறைந்திருந்தது. கீற்றுக் கொட்டகை இருந்த மூலையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள்.

பிரசாதம் கொடுத்த குருக்கள், “இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாமே அம்மா, மண்டலாபிஷேகம் தொடங்கியிருக்கிறதே” என்றார்.

“இல்லை சாமி. நாளை சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். விளக்கேற்றும் நேரம் தவறக்கூடாது” என்றார் மூதாட்டி.

வீடு என்று அவர் குறித்தது எந்த வீட்டை என்பதைப் பேத்தி கவனித்தாள், புன்னகை செய்தாள். மூதாட்டி அதனைக் கவனிக்கவில்லை. திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டு, பேத்தியின் கையைப் பிடித்தவாறு படி இறங்கினார்.

கும்பத்தில் அமர்ந்தும் கல்லில் அமர்ந்தும் அருள்புரியும் இறைவன், இடம் மாறும் அன்பர் அனைவருக்கும் துணை நிற்பானாக.